பஸ்ஸில் போய் இறங்கும் காடு: கள ஆய்வில் வழக்கமாக நடக்கும் தவறுகள்

மெமரி கார்டைக் கணினியில் செருகியதும் அந்த மாணவியின் முகம் மலர்ந்தது. மூன்று வாரத்தில் ஆறாயிரத்துச் சொச்சம் படங்கள். "அக்கா, காட்டில் இவ்வளவு நடமாட்டமா!" என்றாள். முதல் படம் ஒரு பிரம்பு இலை. இரண்டாவதும் அதே இலை, கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து. ஐந்நூறாவது படத்திலும் அதே இலைதான். சூடும் அசைவும் தெரிந்தால் தானே படம் எடுக்கும் கேமரா அது. அதற்கு இரண்டடி முன்னால் நின்ற அந்த இலை வெயிலில் சூடேறி, காற்றில் ஆடும்போதெல்லாம், ஏதோ விலங்கு போகிறது என்று கேமரா படம் எடுத்துத் தள்ளியிருக்கிறது. கடைசியில் தேறியவை இரண்டு காட்டுப்பன்றி, ஒரு மரநாயின் வால், அவளுடைய சொந்த முழங்கால்.

சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆய்வு உதவியாளராகச் சில வருஷம் ஓட்டியவள் நான். இதைவிடப் பெரிய கூத்தெல்லாம் செய்திருக்கிறேன். இந்தச் சிங்கப்பூரில் காடு ரொம்பப் பக்கம். வீட்டில் இரண்டு இட்லி சாப்பிட்டுக் கிளம்பினால் ஒரு மணி நேரத்தில் புக்கிட் தீமா குன்றின் அடிவாரம். போர்னியோவுக்கு ஆய்வுக்குப் போகிறவர் மாதக்கணக்கில் திட்டம் போடுவார். நாமோ, "மறந்தால் என்ன, நாளைக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம்" என்று பஸ் ஏறிவிடுகிறோம். நான் பார்த்த தவறுகளில் முக்கால்வாசி இந்த ஒரு நினைப்பில் பிறந்தவை.

காடு சின்னது என்பதால் விஷயமும் சின்னது என்று ஆகிவிடாது. 1854இல் இங்கே வந்த இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், சுமார் இரண்டு மாதத்தில் 700 வகை வண்டுகளைப் பிடித்தார். பெரும்பாலானவை ஒரு சதுர மைலுக்கு மேற்படாத காட்டுத் துண்டில் கிடைத்தவை.

சரி, முதலில் அனுமதி. இயற்கை வனப்பகுதிகளில் ஆய்வு செய்யவும் மாதிரி எடுக்கவும் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். பல்கலைக்கழக அட்டை கழுத்தில் தொங்கினால் போதும் என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அனுமதியில் எந்த இடம், எந்த முறை, என்ன எடுக்கலாம் என்று எழுதியிருக்கிறதோ அதற்கு மேல் கிடையாது. பறவைக்குக் கேட்டு வாங்கிவிட்டு, "அப்படியே நாலு தவளையும் பார்த்துவிடலாம்" என்பதெல்லாம் நடக்காது. புக்கிட் தீமாவில் பொதுமக்களுக்கான நேரம் காலை 7 முதல் இரவு 7 வரை. இரவு வேலை இருந்தால் அதையும் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். முதுகெலும்புள்ள பிராணிகளைப் பிடிப்பதாக இருந்தால் பல்கலைக்கழகத்தின் விலங்கு நெறிமுறைக் குழு தனி. இராணுவப் பயிற்சி நிலம் என்றால் அது இன்னொரு கதவு. எதுவும் மனுப் போட்ட மறுநாள் கைக்கு வராது. பருவத்தேர்வு நாள்காட்டியை மட்டும் பார்த்துத் திட்டம் போட்டவர்களின் களநாட்கள் இங்கேதான் கரையும்.

கேமரா முன்னால் வாழைப்பழம் வைக்கிற யோசனை எல்லோருக்கும் ஒரு தடவை வரும். வைக்காதீர்கள். வனவிலங்குச் சட்டப்படி அனுமதியில்லாமல் உணவு கொடுத்தால் முதல் தடவையே 5,000 வெள்ளி வரை அபராதம். சட்டத்தை விடுங்கள், பழம் வைத்தால் உங்களுக்குக் கிடைப்பது காட்டின் கணக்கு அல்ல, பழம் பிடிக்கிறவர்களின் கணக்கு. நீள்வால் குரங்குகள் குடும்பத்தோடு வந்து போஸ் கொடுக்கும்.

கேமரா கட்டும்போது மனிதர்கள் தங்கள் இடுப்பு உயரத்தை நினைக்கிறார்கள். நாம் தேடுகிற பிராணிகளில் பாதி நம் முழங்காலுக்குக் கீழே நடப்பவை. சரிவில் கட்டினால் இன்னும் மோசம். மரத்துக்கு நேராகக் கட்டிய கேமரா, கீழே போகும் சருகுமானை விட்டுவிட்டு எதிர்மேட்டு மரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். நான் செய்வது இது: கட்டி முடித்ததும் கேமரா முன்னால் நாலு காலில் தவழ்ந்து போவேன், சிவப்பு விளக்கு மினுங்குகிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்வேன். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். அப்புறம் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இலைகளை ஒதுக்கிக் கட்டுவது, கிழக்கையோ மேற்கையோ நேராகப் பார்க்காமல் திருப்புவது.

கடிகாரம் என்று ஒன்று இருக்கிறது. ஒரு தடவை எங்கள் அட்டவணையில், இரவாடியான அலங்கு (எறும்புத்தின்னி) பகல் இரண்டு மணிக்கு உலா வந்திருந்தது. புதிய கண்டுபிடிப்பு என்று ஒரு நிமிஷம் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். படத்தைத் திறந்தால் கறுப்பு வெள்ளை, அகச்சிவப்பு விளக்கில் எடுத்தது. பன்னிரண்டு மணி நேரக் குழப்பம். அதிலிருந்து, கேமராவைக் கட்டும்போதும் கழற்றும்போதும் கைப்பேசியின் நேரத்தை அதற்குக் காட்டி ஒரு படம் எடுப்பது எனக்குப் பழக்கம்.

ஒரு பானை சோறு

இனி சொல்லப்போவது சிக்கலான தவறு. மதிப்பெண்ணைக் கடிப்பதும் இதுதான்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சமையலறையில் சரி. பானைக்குள் எல்லாம் ஒரே தண்ணீரில், ஒரே தீயில் வெந்தவை. காடு அப்படி வேகாது. மேட்டில் ஒரு கூட்டம், பள்ளத்தில் வேறு கூட்டம், வெயில் விழும் ஓரத்தில் வேறு. பாதையிலிருந்து பத்தடி தள்ளிப் பத்துக் கேமரா கட்டிவிட்டு "மத்திய நீர்ப்பிடிப்புப் பகுதியின் பாலூட்டிகள்" என்று தலைப்பு வைத்தால், நீங்கள் பார்த்தது பாதையோரத்துப் பாலூட்டிகளை.

இதன் அண்ணன் ஒருவன் இருக்கிறான். புக்கிட் தீமா விரைவுச்சாலை 1986இல் வந்தபோது புக்கிட் தீமா வனப்பகுதி ஒரு பக்கமும் மத்திய நீர்ப்பிடிப்பு வனப்பகுதி மறுபக்கமுமாகப் பிரிந்தன. இரண்டையும் ஒப்பிடுவது மாணவர்களுக்குப் பிடித்த தலைப்பு. இந்தப் பக்கம் பத்துக் கேமரா, அந்தப் பக்கம் பத்துக் கேமரா, ஆக இருபது மாதிரி என்று கணக்குப் போட்டுப் புள்ளியியல் மென்பொருளில் ஊட்டுவார்கள். அதுவும் சமர்த்தாக, வித்தியாசம் உண்டு என்று நட்சத்திரம் போட்டுக் கொடுக்கும். ஆனால் உங்களிடம் இருப்பவை இரண்டே காடுகள். ஒன்று 163 மீட்டர் உயரக் குன்றைச் சுற்றியது, இன்னொன்று நீர்த்தேக்கங்களைச் சுற்றியது. பரப்பு வேறு, நடைபயில வருகிற கூட்டம் வேறு, பழைய வரலாறு வேறு. வித்தியாசத்துக்குக் காரணம் சாலையா, குன்றா, கூட்டமா? ஒரே குழம்பில் பத்துக் கரண்டி எடுத்து ருசித்துவிட்டுப் பத்து வீட்டுச் சமையலைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது மாதிரி. ஸ்டூவர்ட் ஹர்ல்பெர்ட் என்ற சூழலியலாளர் 1984இல் இதைச் 'சூடோரெப்ளிகேஷன்' என்று பெயர் வைத்தே கண்டித்தார். நாற்பது வருஷம் ஆகியும் ஆய்வேடுகளில் இது சௌக்கியமாக இருக்கிறது.

இன்னொரு புக்கிட் தீமாவை நாம் தயாரிக்க முடியாது. அதனால் கேள்வியைச் சுருக்குவதே வழி. "சாலை வந்ததால் விலங்குகள் குறைந்தன" என்று பெரிய வாக்கியம் எழுதாமல், ஒரே காட்டுக்குள் சாலையிலிருந்து 50 மீட்டர், 200 மீட்டர், 500 மீட்டர் என்று பல இடங்களில் பார்த்து, தூரத்தோடு என்ன மாறுகிறது என்று கேளுங்கள். முடிவு அந்தக் காட்டுக்கு மட்டும்தான் பொருந்தும்; அதை அப்படியே எழுதிவிடுவது கௌரவக் குறைவு அல்ல. அதேபோல் 2013இல் திறந்த, அந்த விரைவுச்சாலைக்கு மேலே போகும் 62 மீட்டர் நீளமுள்ள விலங்குப் பாலத்தில் ஒரு மரநாய் நிற்கும் படம் கிடைத்தால், அது ஒரு மரநாய் பாலத்தில் நின்றதற்குச் சாட்சி. இரு பக்கத்து விலங்குகளும் கலந்து குட்டி போடுகின்றன என்பதற்கு மரபணுச் சான்று வேண்டும்.

பால் வெட்டுத் தழும்பு

பச்சையாக இருப்பதெல்லாம் ஆதிக்காடு என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குத் தாத்தா ஞாபகம் வரும். அவர் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். ஒரு முறை காட்டுக்குள் மாணவர்கள் "பெரிய உள்நாட்டு மரம்" என்று எழுதிக்கொண்டிருந்த ஒன்றைத் தடவிப் பார்த்தேன். இடுப்பு உயரத்தில், பட்டையில் சாய்வாக இறங்கிய தடித்த தழும்புகள். கத்தி போன தடம். மூன்று மூன்று சிப்பமாக இலை, அண்ணாந்தால் அடுத்த மரம், அதற்கடுத்தது, வரிசை தப்பாமல். அது ரப்பர்த் தோட்டம். ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு 1877இல்தான் வந்தன.

அதற்கு முன் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கேம்பியர், மிளகுத் தோட்டங்களுக்காகக் காடு அழிக்கப்பட்டது. கேம்பியர் என்பது வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டி போன்ற துவர்ப்புச் சாறு. தோல் பதனிடவும் போனது. இன்று தீவில் ஆதிக்காடாக எஞ்சியிருப்பது நிலப்பரப்பில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. டுரியானும் ரம்புத்தானும் பலாவும் சேர்ந்து நின்றால் அங்கே ஒரு கம்பம், அதாவது கிராமம், இருந்திருக்கும், யாரோ கொல்லையில் நட்டிருப்பார்கள். களத்துக்குப் போகும் முன் அந்த இடத்தின் பழைய நில வரைபடத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அரை நாள் வேலை.

மரம் அளப்பதில் ஒன்றுதான் சொல்வேன். விட்டம் எடுப்பது தரையிலிருந்து 1.3 மீட்டரில்; பலகை வேர் இருந்தால் அதற்கு மேலே. புக்கிட் தீமாவில் 1993இல் அமைத்த 2 ஹெக்டர் நிரந்தர ஆய்வுப் பரப்பில் 1 சென்டிமீட்டர் விட்டமுள்ள கன்று வரை எண் கட்டி, பல முறை அளந்திருக்கிறார்கள். மறு அளவையில் நாடா ஒரு கொடியின் மேல் ஏறினாலோ, நாலு விரல் கீழே இறங்கினாலோ, ஐந்து வருஷ வளர்ச்சியை அது தின்றுவிடும். மரம் சுருங்கிப்போனதாகக்கூட வரும். எண்ணை உரக்கச் சொல்பவர் 'பிஃப்டீன்', எழுதுபவர் 'பிஃப்டி'. "ஒன் ஃபைவ்" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லி, எழுதியவர் திருப்பிச் சொல்ல வேண்டும்.

எந்தச் சருகுமான்?

தமிழ் தெரிந்த நமக்கென்றே ஒரு தவறு உண்டு. ஊர்ப் பெயரை இங்கே கொண்டுவந்து ஒட்டிவிடுகிறோம். தமிழ்நாட்டுச் சருகுமானுக்கு உடம்பில் வெள்ளைப் புள்ளியும் கோடும் இருக்கும். இங்குள்ளவை வேறு இனம், உடம்பில் புள்ளி கிடையாது. அதிலும் சிறியது ஒன்று, பெரியது ஒன்று. பெரிய சருகுமான் சிங்கப்பூரில் அற்றுப்போனது என்றே நினைத்திருந்தார்கள். 2008இல் புலாவ் உபின் தீவில் மறுபடி தென்பட்டது. "சருகுமான், 1" என்று மட்டும் குறிப்பில் எழுதியிருந்தால் அந்தச் செய்தி அங்கேயே புதைந்திருக்கும். மரநாயை மலாய்க்காரர் முசாங் என்பார்கள், டுரியான் கடையில் நாம் கேட்கிற அதே முசாங். பேச்சுக்கு எந்தப் பெயரும் சரி, குறிப்பேட்டில் அறிவியல் பெயர்.

'காணவில்லை' என்பதை 'இல்லை' என்று எழுதுவதும் இதோடு சேர்ந்ததுதான். கடலடியில் வளரும் நெப்டியூன் கிண்ணக் கடற்பஞ்சு நூறாண்டுக்கு மேல் யார் கண்ணிலும் படாமல், 2011இல் நம் தெற்குத் தீவுகளுக்கு அருகே கிடைத்தது. எதிர்ப்பக்கமும் உண்டு: யாரும் பதிவு செய்யும் முன்பே அழிந்தவை. அவற்றையும் மதிப்பிட்டுச் சேர்த்து, இரண்டு நூற்றாண்டில் சிங்கப்பூர் இழந்தது சுமார் 37 விழுக்காட்டு இனங்கள் என்று 2023இல் ஓர் ஆய்வு சொன்னது. மூன்று காலை நடந்து ஒரு பறவையைப் பார்க்காவிட்டால், "மூன்று காலை, இத்தனை மணி நேரம், பதிவாகவில்லை" என்று எழுதுங்கள். தேடிய நேரத்தைக் குறிக்காத எண்ணிக்கையை அடுத்து வருகிறவர் எதோடும் ஒப்பிட முடியாது.

அரிய பறவையின் கூட்டைப் பார்த்த சந்தோஷத்தில் இடக்குறியோடு படத்தைப் போட்டுவிடாதீர்கள். ஸ்ட்ரா-ஹெடட் புல்புல் குருவியை அதன் பாட்டுக்காகவே பிடித்து விற்று, அது வாழ்ந்த பல நாடுகளில் துடைத்துவிட்டார்கள். நம்மிடம் இன்னும் பாடுகிறது.

தனியாகப் போகாதீர்கள், இடி கேட்டால் வெளியே வந்துவிடுங்கள், விடியற்காலைச் சுமத்ரா காற்றடித்தால் அன்றைக்கு லீவு. ஒடிந்து விழும் கிளைக்கு ஆய்வேட்டின் கெடு தேதி தெரியாது.

கடைசியாகக் குறிப்பேடு. பால்பாயிண்ட் பேனா ஈரத்தாளில் எழுதாது, பென்சில் எழுதும். காட்டைவிட்டு வெளியே வந்ததும், கோப்பிக்கடையில் உட்கார்ந்து கோப்பி ஓ சொல்லும் முன், அன்றைய பக்கங்களைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு நாள் வீட்டுக்குப் போய் எடுக்கலாம் என்று பஸ்ஸில் தூங்கிவிட்டேன். என் நிறுத்தத்தில் பதறி எழுந்து இறங்கியபோது குடை கையில் இருந்தது, மூன்று வாரத்து எண்ணிக்கை பஸ்ஸோடு போய்க்கொண்டிருந்தது.