பழைய அவுட்லுக்கைப் புது விண்டோஸில் ஏற்றும் முன்

சேலத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது கையில் மைக்ரோசாஃப்டின் மெயில் நிரலான அவுட்லுக்கின் பழைய சிடி ஒன்றோடு வருகிறார்கள். "அண்ணா, புது லேப்டாப் வாங்கியாச்சுங்க. இந்த அவுட்லுக்கையே ஏத்திக் குடுத்துருங்க, இதுதான் கை பழகுனது" என்பார்கள். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறை, ஆத்தூர் ரோட்டு சேகோ ஆலை, ஏற்காட்டுக் காப்பி எஸ்டேட் ஆபீஸ் என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "பழைய கம்ப்யூட்டர் இன்னும் இருக்குதுங்களா?"

பாதிப் பேர் அதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டே வருகிறார்கள். தவறுகளில் பெரியது இதுதான், திருத்த முடியாததும் இதுதான். ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றில் கணக்கர் 'மை டாகுமெண்ட்ஸ்' ஃபோல்டரை மட்டும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு விண்டோஸ் எக்ஸ்பி மெஷினை ஃபார்மட் அடித்துவிட்டார். எக்ஸ்பியில் மெயில் அங்கே இருக்காது. விண்டோஸோடு வந்த தனி மெயில் நிரலான அவுட்லுக் எக்ஸ்பிரஸ் தன் மெயிலையெல்லாம் டிபிஎக்ஸ் கோப்புகளாக, கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருக்கும் 'லோக்கல் செட்டிங்ஸ்' ஃபோல்டருக்குள்ளே ஆழத்தில் வைத்திருந்தது. அவுட்லுக் தன் மெயிலையெல்லாம் சேர்த்து வைக்கும் பிஎஸ்டி கோப்பும் அந்தப் பக்கம்தான். பத்து வருட விலைப் பேச்சு போனதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இடம் தெரிந்துகொள்வது எளிது. அவுட்லுக் எக்ஸ்பிரஸில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், மெயின்டனன்ஸ் போய் 'ஸ்டோர் ஃபோல்டர்' அழுத்தினால் முழு வழியும் தெரியும். அவுட்லுக் 2007, 2010 என்றால் அக்கவுண்ட் செட்டிங்ஸில் 'டேட்டா ஃபைல்ஸ்'. நிரலை மூடிவிட்டு காப்பி எடுங்கள். திறந்திருக்கும்போது எடுத்த பிஎஸ்டியை நம்ப முடியாது. சிடியில் எழுதி எடுத்திருந்தால் கோப்புகள் 'ரீட் ஒன்லி' ஆகியிருக்கும். அந்த டிக்கை எடுக்காமல் இம்போர்ட் செய்தால் தகராறு செய்யும். முகவரிப் புத்தகம் தனிக் கோப்பு, அதையும் சேர்த்து எடுக்க வேண்டும்.

அடுத்து, பழைய நிரலுக்காகப் பழைய விண்டோஸ் மாதிரி நடிக்கும் 'கம்பேட்டிபிலிட்டி மோடு'. நிரல் திறக்கவில்லை என்றால் அதைப் போடலாம், தப்பில்லை. ஆனால் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் விண்டோஸோடு ஒட்டி வந்தது, 2007இல் விண்டோஸ் விஸ்டா வந்தபோதே எடுக்கப்பட்டுவிட்டது. அதைப் புது விண்டோஸில் உயிர்ப்பிக்கப் பார்ப்பது வீண் வேலை. அவுட்லுக் 2007, 2010 கதை வேறு. விண்டோஸ் 10இல் பெரும்பாலும் ஏறிவிடும், திறக்கும், பழைய மெயிலைக் காட்டும். புது மெயில் மட்டும் வராது, பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பக் கேட்கும். இங்கேதான் ஆட்கள் அதே பாஸ்வேர்டை இருபது தடவை அடித்துப் பார்த்து, கடைசியில் மாற்றியும் பார்த்து, போனிலும் மெயில் வராமல் செய்துகொள்கிறார்கள்.

பாஸ்வேர்ட் சரிதான். மெயில் சர்வர், அதாவது மெயில் சேவை தருபவரின் கம்ப்யூட்டர்தான், அந்த வழியை அடைத்துவிட்டது. தனிநபர் ஜிமெயில் கணக்குகளுக்கு, வெறும் பாஸ்வேர்டை மட்டும் கொடுத்து வெளி நிரல் உள்ளே நுழைவதை கூகுள் 2022 மே 30இல் நிறுத்தியது. இருபடிச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு இன்னொரு உறுதிப்படுத்தலும் கேட்பது) ஆன் செய்து, ஒரு நிரலுக்கென்றே கூகுள் தரும் 16 எழுத்து 'ஆப் பாஸ்வேர்ட்' எடுத்து அதைப் பழைய அவுட்லுக்கில் போட்டால் ஜிமெயில் வரும். ஹாட்மெயில், அவுட்லுக்.காம் கணக்குகளுக்கு மைக்ரோசாஃப்ட் 2024 செப்டம்பர் 16இல் அந்தக் கதவை அடைத்தது, அங்கே ஆப் பாஸ்வேர்டும் செல்லாது. உலாவி திறந்து உள்நுழையும் புது முறை 2007க்கும் 2010க்கும் தெரியாது. எத்தனை செட்டிங் மாற்றினாலும் தெரியப்போவதில்லை. அந்தக் கணக்கு வைத்திருப்பவர்கள் நிரலை மாற்றியே ஆக வேண்டும். இதை முதல் நாளே சொல்லிவிடுவேன், நாலு நாள் அலைய விடுவதில்லை.

சர்வரின் எந்த வாசலில் நுழைவது என்று சொல்லும் போர்ட் எண்ணில் ஒரு சின்னக் குழப்பம் உண்டு. அனுப்பும் சர்வருக்கு 465 என்றால் எஸ்எஸ்எல், 587 என்றால் டிஎல்எஸ் (இரண்டும் மெயிலைப் பூட்டி அனுப்பும் முறைகள்). மாற்றிப் போட்டால் மெயில் அவுட்பாக்ஸிலேயே கிடக்கும். பெறும் பக்கம் ஐமேப்புக்கு (மெயில் சர்வரிலேயே இருக்கும் முறை) 993, பாப்புக்கு (மெயிலைக் கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்ளும் முறை) 995.

பழைய மெஷினிலேயே விண்டோஸ் 10 ஏற்றியவர்களுக்கு ஒன்று. மழைக்காலத்தில் ஏற்காட்டு மலையில் கரன்ட் போய்ப் போய் வரும். மதர்போர்டில் உள்ள காசு மாதிரியான பேட்டரி தீர்ந்திருந்தால், ஒவ்வொரு தடவையும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். மெயில் சர்வரின் அடையாளச் சான்றிதழைக் கம்ப்யூட்டர் தேதி பார்த்துத்தான் ஏற்கும், அதனால் உடனே 'சான்றிதழ் செல்லாது' என்று எச்சரிக்கை வரும். அதற்கு 'யெஸ்' அழுத்திப் பழகிவிடாதீர்கள், ஆன்டிவைரஸையும் அணைக்காதீர்கள். ஒரு நாள் உண்மையான எச்சரிக்கை வரும்போதும் கை தானாக 'யெஸ்' அழுத்திவிடும். பேட்டரியை மாற்றுங்கள், விலை சொற்பம்.

பாப் முறையை யோசிக்காமல் போடுவது அடுத்த பெரிய சேதம். பழைய நிரல்கள் பலவற்றில், 'சர்வரில் ஒரு பிரதி வை' என்ற டிக் இல்லாவிட்டால், மெயிலை இறக்கியதும் சர்வரில் அழித்துவிடும். கடையில் சோதனைக்கு லேப்டாப்பை இணைத்த ஐந்து நிமிடத்தில் முதலாளியின் போனில் இன்பாக்ஸ் காலியானதைப் பார்த்திருக்கிறேன். முடிந்தவரை ஐமேப் போடுங்கள். "எல்லாம் சர்வர்ல இருக்குதுங்க" என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். சொந்த டொமைன் மெயிலை (கம்பெனி பெயரிலேயே உள்ள முகவரி) பாப்பில் வைத்திருந்தவர்களுக்கு, அனுப்பிய மெயில்கள் பெரும்பாலும் அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கும். கொட்டேஷன் அனுப்பியதற்குச் சாட்சியே அதுதான்.

பிஎஸ்டியைப் பென் டிரைவிலேயே வைத்துத் திறக்காதீர்கள், மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் ஒத்திசைக்கும் ஃபோல்டரிலும் வைக்காதீர்கள். புது விண்டோஸில் 'டாகுமெண்ட்ஸ்' ஃபோல்டரே பல நேரம் ஒன்டிரைவுக்குள் போயிருக்கும், அவுட்லுக் 2010உம் அங்கேதான் கோப்பை வைக்கப் பார்க்கும். சி டிரைவில் தனி ஃபோல்டர் போடுங்கள். 2003க்கு முந்தைய அவுட்லுக்கில் உருவான பிஎஸ்டி 2 ஜிபிக்கு மேல் தாங்காது. புதிதாக ஒரு பிஎஸ்டி உருவாக்கி மெயில்களை அதற்குள் நகர்த்திக்கொள்ளுங்கள்.

நம் ஊர் ஆபீஸ்களுக்கே உரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. பழைய தமிழ் மெயில்கள் திறந்தால் கட்டம் கட்டமாக, அல்லது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தாகத் தெரியும். "மெயில் கெட்டுப்போச்சு" என்று அழித்துவிடுகிறார்கள். ஐயோ, வேண்டாம். அவை டிஸ்கி, டேப், டேம், பாமினி போன்ற, யூனிகோடுக்கு (இன்று எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துமுறை) முந்தைய குறியாக்கங்களில் அடித்தவை. பழைய மெஷினின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்த எழுத்துருவை எடுத்து வந்து நிறுவினாலே தமிழ் பெரும்பாலும் திரும்ப வந்துவிடும். நிரந்தரமாக வேண்டுமென்றால் என்எச்எம் கன்வெர்ட்டரில் யூனிகோடாக மாற்றலாம். எழுத்துருக் கோப்புகளைக் காப்பி எடுக்க மறப்பவர்கள் மிக அதிகம்.

வழி கேட்டால் நான் தண்டர்பேர்ட் என்ற மெயில் நிரலைத்தான் சொல்வேன். இலவசம், புது உள்நுழைவு முறை தெரியும். அவுட்லுக் எக்ஸ்பிரஸ் இன்னும் திறக்கிற மெஷின் இருந்தால், மெயில்களைத் தேர்ந்தெடுத்து ஒரு ஃபோல்டருக்குள் இழுத்துப் போடுங்கள். ஒவ்வொன்றும் இஎம்எல் கோப்பாக விழும். அவற்றைத் தண்டர்பேர்டில் 'இம்போர்ட் எக்ஸ்போர்ட் டூல்ஸ் என்ஜி' நீட்சி கொண்டு ஏற்றிக்கொள்ளலாம். எங்கிருந்தோ இறக்கிய கிராக் கன்வெர்ட்டரிடம் பத்து வருட மெயிலைக் கொடுக்காதீர்கள்.

ஏற்றி முடித்ததும் ஃபோல்டர் வாரியாக மெயில் எண்ணிக்கையைப் பழையதோடு ஒப்பிட்டு, மெயிலோடு வந்த நாலைந்து இணைப்புக் கோப்புகளைத் திறந்து பாருங்கள். எல்லாம் சரி என்றாலும் பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி ஒரு வருடமாவது பீரோவில் வையுங்கள். மார்ச்சில் கணக்கு முடிக்கும்போதுதான் யாருமே தேடாத மெயில் ஒன்றை ஆடிட்டர் கேட்பார்.