மாநாட்டு உற்சாகத்தில் அப்லோடு அழுத்தாதீர்கள்

சமீபத்தில் போன ஒரு மாநாட்டில், பயிலரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் மதுரைப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர். ஏஐ கருவி அவர்கள் ஊர்ச் செயற்கைக்கோள் படத்தை ஒரு மேய்ச்சல் மேய்ந்து, கட்டிடம் கட்டிடமாகக் கோடு போட்டுக் கொடுத்தது. பையன் ஒருவன் எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்தான். அடுத்து அவன் கை எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். நானும் அதே இடத்தில் கை வைத்தவன்தான். எழுந்து போய்த் தடுப்பதற்குள், எல்லோரும் பயன்படுத்தும் உண்மையான வரைபடத்திலேயே அப்லோடு ஆகிவிட்டது. நாலு பேரும் கைதட்டிக்கொண்டார்கள்.

அந்த எரிச்சலில் எழுதுவது இது. திறந்த வரைபடம், செயற்கை நுண்ணறிவு, நீடித்த வளர்ச்சி மூன்றையும் ஒரே பதாகையில் போட்டு நடத்தும் கூட்டங்கள் இப்போது நிறைய. யார் வேண்டுமானாலும் வரைந்து திருத்தக்கூடிய உலக வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் ஆட்கள் நடத்தும் ஸ்டேட் ஆஃப் த மேப் மாநாடு 2024இல் நைரோபியில் நடந்தது, 2025இல் மணிலாவில். நம் ஊரிலிருந்து புதியவர்கள் கிளம்பிப் போவதும் கூடியிருக்கிறது. சந்தோஷம்தான். சார்ஜர் எடுத்துக்கொள்ளுங்கள், சீக்கிரம் எழுந்திருங்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அதை உங்கள் அம்மாவே சொல்லிவிடுவார். புதியவர்கள் செய்யும் தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியை விசாவோடு முடிந்த விஷயம் என்று நினைப்பது

நைரோபி மாதிரி ஊருக்குப் போகிறவர்கள் போகும் வழியை மட்டும் பார்க்கிறார்கள். சிக்கல் திரும்பும் வழியில்தான். கென்யா போன்ற நாடுகளிலிருந்து இந்தியாவுக்குள் வரும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த விதி இடம் கொடுக்கிறது. ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகுதான் சான்றிதழ் செல்லும். அதனால் புறப்படும் வாரத்தில், அந்த ஊசி போடும் சென்னை கிண்டி கிங் நிலையத்துக்கு ஓடிப் பயனில்லை. ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும்.

எல்லா அரங்குக்கும் ஓடுவது

ஓடாதீர்கள். பெரும்பாலான உரைகளுக்குக் காணொளி வந்துவிடும். டீ வரிசையில் நிற்கும் மனிதருக்கு வராது.

பதினேழு வண்ணக் கட்டங்களையும் ஸ்லைடில் ஒட்டுவது

ஐ.நா. 2015இல் ஏற்ற நீடித்த வளர்ச்சி இலக்குகள் 17. அவற்றுக்குள் 169 உட்பிரிவுகள். புதியவர்களின் முதல் ஸ்லைடில் பதினேழு கட்டமும் இருக்கும், கீழே ‘எங்கள் வரைபடம் இவற்றுக்கு உதவும்’ என்று ஒரு வரி. இப்படிச் சொன்னால் ஒன்றும் சொல்லாத மாதிரிதான்.

இலக்கை எட்டினோமா என்று அளக்கும் குறியீடுகளில் ஒரே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 9.1.1 என்று ஒன்று இருக்கிறது: எல்லாப் பருவத்திலும் போகக்கூடிய சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் வாழும் கிராமத்து மக்கள் எத்தனை விழுக்காடு? இதை வைத்து உங்கள் ஒன்றியத்தைப் பாருங்கள். ஏஐ சாலைக்குக் கோடு போட்டுவிடும். அந்தச் சாலை தாரா, கப்பியா, மண்ணா, ஐப்பசி மழையில் அதில் ஆட்டோ போகுமா என்பதை மேலிருந்து எடுத்த படம் சொல்லாது. வரைபடத்தில் சாலையின் மேற்பரப்பு என்ன என்று குறிக்கத் தனி டேக், அதாவது விவரக் குறிப்பு, உண்டு; பெரும்பாலான கிராமச் சாலைகளில் அதை யாரும் நிரப்புவதில்லை. அந்த ஒரு டேக்கை இருபது கிராமத்துக்கு நிரப்பிவிட்டு வந்து பேசுங்கள், கூட்டம் நிமிர்ந்து உட்காரும்.

பயிலரங்கில் வந்த முடிவை உண்மையான வரைபடத்தில் ஏற்றுவது

இதுதான் அந்தத் தவறு. மற்றதையெல்லாம் வேகமாகப் படித்தாலும் இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள்.

சில வருஷங்களுக்கு முன்னால் நான் போன ஒரு மாநாட்டில், இரண்டாம் நாள் மதியம், இதே மாதிரிப் பயிலரங்கு. “உங்களுக்குத் தெரிந்த ஓர் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார் பயிற்சியாளர். நான் வேதாரண்யத்தை எடுத்தேன். அம்மா ஊர் அந்தப் பக்கம்தான். சின்ன வயதில் கோடை விடுமுறைக்குப் போனதோடு சரி, ஆனாலும் ‘தெரிந்த ஊர்’ என்றே நினைத்துக்கொண்டேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்தது. அந்த நினைவும் ஒரு காரணம். அடுத்த புயலுக்குள் வீடெல்லாம் வரைபடத்தில் இருக்க வேண்டும் என்று ஓர் ஆவேசம்.

கருவி வேலை செய்தது. திரை முழுக்கக் கோலப்புள்ளி மாதிரி கட்டிடங்கள். கோயிலைச் சுற்றி நாலு தெருவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அச்சு அசலாக இருந்தது. அவ்வளவுதான், மொத்தத்தையும் ஏற்றிவிட்டேன். என்ன மாற்றினீர்கள் என்று எழுதச் சொல்லும் பெட்டியில் ‘வொர்க்‌ஷாப்’ என்று ஒரு சொல். மறுநாள் ஐந்து நிமிட உரையில் அதையே ஸ்லைடாகப் போட்டேன். பலத்த கைதட்டல். மதியச் சாப்பாட்டில் இரண்டு பேர் வந்து கைகுலுக்கினார்கள்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால், அந்தக் கடலோரத்தில் வேலை செய்யும் ஒரு சின்னத் தொண்டுக் குழு, எந்தப் பகுதிக்கு எத்தனை தார்ப்பாய் வேண்டும் என்று கணக்குப் போட வரைபடத்திலிருந்த கட்டிட எண்ணிக்கையை எடுத்திருக்கிறது. ஓரிடத்தில் வரிசை வரிசையாக வீடுகள். காகிதத்தை எடுத்துக்கொண்டு இரண்டு பேர் வண்டியில் போய் இறங்கியிருக்கிறார்கள். அங்கே தெருவும் இல்லை, வீடும் இல்லை. பாத்தி கட்டிய உப்பளம். வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெரியவர் காகிதத்தைப் பார்த்துச் சிரித்தாராம்: “தம்பி, அது உப்பு அம்பாரம்.”

உப்பளம் பார்த்தவர்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். வாரிய உப்பைக் கரையோரமாக நீளக் குவிப்பார்கள். மழைக்காலம் நெருங்கும்போது கரையாமல் இருக்கக் கீற்றோ பனையோலையோ போட்டு மூடுவார்கள். மேலிருந்து பார்த்தால் நீளமான கூரை, ஒரு பக்கம் நிழல், ஒரே நேர்க்கோட்டில் பத்துப் பதினைந்து. குடிசை வரிசை மாதிரியே இருக்கும். கருவி வேறெங்கோ உள்ள ஊர்களின் கூரைகளைப் பார்த்துப் பழகியது. வீடு என்று அது சொன்னதில் குற்றமில்லை. 1930இல் ராஜாஜி உப்பெடுக்க நடந்து போன ஊர் அது. அங்கே உப்பை வீடு என்று நினைத்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

இது பாதிதான். இன்னொரு பக்கம், உண்மையான வீடுகள் பல வரவேயில்லை. மாமரமும் தென்னையும் கவிந்த கொல்லைக்குள் இருக்கும் ஓட்டு வீடு மேலிருந்து தெரிவதில்லை. படம் கஜாவுக்கு முன் எடுத்ததா பின் எடுத்ததா என்றுகூட நான் பார்க்கவில்லை. அந்தப் புயலில் தோப்புத் தோப்பாக மரம் சாய்ந்தது, கூரைகள் போயின. முந்தைய படத்துக்கும் பிந்தைய படத்துக்கும் ஊரே வேறு. ஆக, இல்லாத இடத்தில் வீடு, இருக்கும் இடத்தில் வெட்டவெளி.

இதைவிட இன்னும் உறுத்துவது வேறு. அந்தப் பகுதியில் ஓர் இளைஞர் அதற்கு முன்பே கைப்பட வரைந்துகொண்டிருந்தார். ஜிபிஎஸ்ஸோடு தெருத் தெருவாக நடந்து, கொஞ்சம் கொஞ்சமாக. நான் ஏற்றியது அவர் வரைந்த வீடுகள் மேலேயே இரண்டாவது கோடாக விழுந்திருந்தது. செயற்கைக்கோள் படம் சில மீட்டர் தள்ளி உட்காருவது சகஜம். அதைச் சரிசெய்யாமல் ஏற்றியதால் வீட்டுக்குப் பக்கத்தில் பேய் மாதிரி இன்னொரு வீடு. அவர் என் பதிவின் கீழ் மரியாதையாக எழுதியிருந்தார்: “அண்ணே, இங்கே ஏற்கெனவே வரைந்திருக்கிறேன், ஒரு தடவை பார்க்க முடியுமா?” அது எனக்கு மெயிலாகவும் வந்திருந்தது. அந்த மெயிலை நான் பார்த்தது ஒன்றரை மாதம் கழித்து. அதற்குள் அவர் வரைவதை விட்டுவிட்டார். மன்னிப்புக் கேட்டு எழுதினேன். “பரவால்லண்ணே” என்று ஒரு வரி வந்தது. அதற்குப் பிறகு அவர் கணக்கில் ஓர் அசைவும் இல்லை.

திரும்பப் பெற்றுவிட்டால் போயிற்று என்று தோன்றும். அதுவும் லேசில்லை. நான் ஏற்றிய பிறகு வேறு சிலர் அதே கட்டிடங்களைத் தொட்டுத் திருத்தியிருந்தார்கள். ஒரே பொத்தானில் பின்வாங்கினால் அவர்கள் வேலையும் சேர்ந்து குழம்பும். நானும் ஒரு நண்பரும் சனி ஞாயிறாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து அழித்தோம். ஏற்ற நாற்பது வினாடி கூட ஆகியிருக்காது.

சரி, பயிலரங்கில் என்னதான் செய்வது? ஏற்றாமலே கற்றுக்கொள்ளலாம். ஓபன்ஸ்ட்ரீட்மேப்புக்குச் சோதனைக்கென்றே தனி சர்வர் இருக்கிறது. அதில் என்ன செய்தாலும் உண்மையான வரைபடத்துக்குச் சேதமில்லை. ஜோஸ்ம் என்ற வரைபடம் திருத்தும் மென்பொருளில் வேலை செய்தால் முடிவைக் கோப்பாகக் கணினியிலேயே சேமித்து வைக்கலாம். அதை ஊருக்கு எடுத்துப் போய், அங்கே குடியிருக்கும் ஒருவரோடு ஒரு தெருவை மட்டும் நடந்து பாருங்கள். எத்தனை வைக்கோல் போர் வீடாகியிருக்கிறது என்று எண்ணுங்கள்.

அப்புறமும் மொத்தமாக ஏற்றத்தான் வேண்டும் என்றால் அதற்கு வழிமுறை எழுதி வைத்திருக்கிறார்கள்: உள்ளூர் வரைபடக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிக் கலந்து பேசுவது, என்ன செய்யப்போகிறோம் என்று ஓபன்ஸ்ட்ரீட்மேப் விக்கியில் பதிவது, அதற்கென்று தனிக் கணக்கு வைத்துக்கொள்வது. குழுவாக, நிறுவனமாக வரைகிறவர்களுக்கு 2018 முதல் தனி நெறிமுறையும் உண்டு. படிக்க அரை மணி நேரம் போதும். நான் படித்தது இரண்டாம் வார அழிப்பு வேலையின் நடுவில்.

விழுக்காட்டைக் கேட்டு மயங்குவது

‘எங்கள் ஏஐ மாடல் தொண்ணூற்றைந்து விழுக்காடு துல்லியம்’ என்று மேடையில் சொன்னால் உடனே கேளுங்கள்: எந்த ஊரில் சோதித்தது? அது காட்டியதில் சரியானது எவ்வளவு என்பது ஒரு கணக்கு. உண்மையில் இருப்பதில் அது கண்டுபிடித்தது எவ்வளவு என்பது வேறு கணக்கு. பெரும்பாலும் முதலாவதைத்தான் சொல்வார்கள். கூகுள் 2021இல் ஆப்பிரிக்காவுக்காக வெளியிட்ட, செயற்கைக்கோள் படத்திலிருந்து ஏஐ எடுத்த கட்டிடங்களின் தொகுப்பான ஓப்பன் பில்டிங்ஸ் தரவில் ஒவ்வொரு கட்டிடத்துக்கும் ஒரு நம்பிக்கை மதிப்பெண் கொடுத்திருக்கிறார்கள். நல்ல பழக்கம். ஆனால் அது மாடல் தன்மேல் வைத்திருக்கும் நம்பிக்கை. என் உப்பு அம்பாரங்களும் நல்ல மதிப்பெண்தான் வாங்கியிருக்கும்.

இணையத்தில் இறக்க முடிந்தால் திறந்த தரவு என்று எண்ணுவது

கூகுள் மேப்ஸைத் திரையில் வைத்துக்கொண்டு பார்த்து வரையக் கூடாது. இது பலருக்குத் தெரியும். ஆனால் அதே கூகுளின் ஓப்பன் பில்டிங்ஸ் தரவு, ஓபன்ஸ்ட்ரீட்மேப் பயன்படுத்தும் ஓடிபிஎல் உரிமத்திலும் கிடைக்கிறது. ஆக, யார் தந்தது என்பதை வைத்து முடிவுக்கு வர முடியாது, எந்த உரிமத்தில் தந்தார்கள் என்றுதான் பார்க்க வேண்டும். ஓர் அலுவலகத் தளத்தில் பிடிஎஃப்பாகக் கிடைக்கிறது என்பது உரிமமே அல்ல. தந்தவர் பெயரைக் குறிப்பிட்டால் பயன்படுத்தலாம் என்னும் சிசி பை 4.0 உரிமம் இருந்தால்கூடத் தரவு தந்தவரிடம் தனியாக இசைவுக் கடிதம் வாங்குவதுதான் வழக்கம். மாநாட்டில் அந்தத் துறைக்காரர் பக்கத்து நாற்காலியில் இருந்தால் அங்கேயே பேசிவிடுங்கள். ஊருக்கு வந்து மெயில் போட்டால் பதில் வர மாதக்கணக்காகும்.

களப் பயணத்தில் போனைத் தூக்கிக்கொண்டே நடப்பது

நைரோபியின் கிபேரா குடிசைப் பகுதியில் 2009இல் அங்கே வாழும் இளைஞர்களே ஜிபிஎஸ் ஏந்தி நடந்து தங்கள் பகுதியை வரைந்தார்கள். அதுவரை வரைபடங்களில் அது பெரும்பாலும் வெற்றிடம். அப்படிப்பட்டவர்களிடம் போனால் வாசலையும் குழந்தைகளையும் படமெடுக்காதீர்கள். எதை வரைந்தீர்கள், எதை வேண்டுமென்றே விட்டீர்கள் என்று கேளுங்கள்.

ஊர் திரும்பியதும் மெயில் பார்க்காமல் இருப்பது

மேலே சொல்லிவிட்டேன்.

அந்த மதுரைப் பிள்ளைகளிடம் பயிலரங்கு முடிந்ததும் போய் உட்கார்ந்தேன். திரையைப் பெரிதாக்கச் சொன்னேன். வைகைக் கரையோரம் நேர்க்கோட்டில் இருபது ‘வீடு’. “இது என்னப்பா?” என்றேன். அந்தப் பையன் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு முகம் மாறியது. “சூளை சார். பச்சைக்கல் அடுக்கிக் காயப் போட்டிருக்காங்க. எங்க மாமா அங்கதான் வேலை பாக்குறார்.” அன்று இரவே அழித்துவிடுவதாகச் சொன்னார்கள். நல்ல பிள்ளைகள், பெரும்பாலானதை அழித்தும்விட்டார்கள். போன வாரம் திறந்து பார்த்தேன். சூளை ஓரத்தில் மூன்று வீடுகள் இன்னும் நிற்கின்றன. அவனுக்கு எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை.