கொடியக்கரைக்குச் செல்பவர்களுக்கு: பருவம், பொழுது, வழி

கொடியக்கரை வரைபடத்தில் நிலத்தோடு ஒட்டிய முனையாகத் தெரிந்தாலும், நேரில் செல்பவருக்கு அது ஒரு தீவுதான். கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக்கு நீரிணை, மேற்கிலும் வடக்கிலும் சதுப்பு நிலமும் உப்பளங்களும் சூழ்ந்திருக்க, வேதாரண்யத்திலிருந்து உப்புப் பாத்திகளுக்கு நடுவே செல்லும் சாலைதான் அதை ஊர் உலகத்தோடு இணைக்கிறது. காவிரிப் படுகையின் தென்கிழக்குக் கோடியில் கிடக்கும் இந்த மணல் திட்டில் வெளிமானும் பூநாரையும் உண்டு. தேவாரப் பாடல் பெற்ற கோயிலும் விடுதலைப் போராட்டத்தின் சுவடும் அதே வழியில் உள்ளன. ஆயினும் இங்கு வருவோரில் பலர் ஏமாற்றத்துடனேயே திரும்புகிறார்கள். கோயில் சுற்றுலாவின் நடுவே வேனில் வந்து, உச்சி வெயிலில் காட்டுக்குள் ஓர் ஓட்டம் ஓடிவிட்டு, ஒரு மானையும் காணோம் என்று சொல்லிப் போகிறவர்கள் அவர்கள். கொடியக்கரைக்கு ஒரு மாலைப் பொழுதையும் அடுத்த நாள் விடியற்காலையையும் ஒதுக்க வேண்டும். இதற்குக் குறைந்த நேரத்தில் இந்த இடம் தன்னைக் காட்டாது.

முதலில் பருவத்தைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். வலசைப் பறவைகளைக் காண விரும்புகிறவர்கள் நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவற்றிலும் மழை ஓய்ந்த தை மாதத்தை நான் மேலாகக் கருதுகிறேன். வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்த வாரத்தில் சதுப்பின் நீர் ஆழமாகிவிடும், குட்டைக் கால் கொண்ட உள்ளான் என்னும் சிறு கரைப்பறவைகளுக்கு இறங்கி மேய இடமிராது. நீர் வடிந்து சேற்றுத் திட்டுகள் தலைகாட்டத் தொடங்கும்போதுதான் பறவைகள் கரைக்கு அருகில் வருகின்றன. விலங்குகளைக் காண்பதே முதன்மை நோக்கமென்றால் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஏற்ற காலம். அப்போது வெயில் கடுமையாக இருந்தாலும், நன்னீர் கிடைக்கும் இடங்கள் குறைந்துவிடுவதால் விலங்குகள் குடிநீருக்காக ஒன்றுகூடும். கார்த்திகையில் வருவதாயின் வானிலை அறிவிப்பைக் கேட்காமல் புறப்பட வேண்டாம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. சாய்ந்த மரங்களும் மாண்ட விலங்குகளும் காட்டுக்கு நேர்ந்த பெரும் இழப்பு.

வந்து சேர்வது கடினமன்று. நாகப்பட்டினத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகவும், திருத்துறைப்பூண்டியிலிருந்தும் வேதாரண்யத்துக்குப் பேருந்துகள் உள்ளன. நீண்ட காலம் நின்றிருந்த திருத்துறைப்பூண்டி – அகஸ்தியம்பள்ளி இரயில் பாதையிலும் 2023 ஏப்ரல் முதல் வண்டி மீண்டும் ஓடுகிறது. வேதாரண்யத்திலிருந்து கொடியக்கரை 10 கி.மீ.க்குச் சற்று மேல். நகரப் பேருந்து ஊர் வரைதான் செல்லும், காட்டுக்குள் சுற்றுவதற்கு வண்டி வேண்டும் என்பதால், சொந்த வாகனம் இல்லாதவர்கள் வேதாரண்யத்திலேயே ஆட்டோவையோ காரையோ அரை நாளுக்குப் பேசிக்கொள்வது நல்லது. இரவு வேதாரண்யத்தில் தங்கலாம். வனத்துறையின் பூநாரை இல்லத்தில் தங்க விரும்புவோர் நாகப்பட்டினத்திலுள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும்.

முதல் நாள் மாலையை வேதாரண்யத்துக்கும் அகஸ்தியம்பள்ளிக்கும் கொடுங்கள். வெயில் தாழ்ந்ததும் முதலில் அகஸ்தியம்பள்ளி உப்பளங்களுக்குச் செல்ல வேண்டும். ஜனவரி இறுதிக்குப் பின் வருகிறவர்கள் பாத்திகளில் உப்பு விளைவதைக் காணலாம்: கடல்நீர் ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததற்கு மாறி மாறிச் செறிவேறி, கடைசிப் பாத்தியில் வெண்மணிகளாகப் படிந்ததும், தொழிலாளர்கள் வெறுங்காலோடு உப்புநீரில் நின்று அதைப் பலகையால் வாரி வரப்போரம் குவிக்கிறார்கள். அந்தக் கால்களில் உள்ள வெடிப்புகளைப் பார்த்தவர்கள் உப்பின் விலையைப் பற்றி மறுபடி யோசிப்பார்கள். மழைக்காலத்தில் வருகிறவர்களுக்குக் கீற்று வேய்ந்து மூடிய உப்புக் குவியல்களே காணக் கிடைக்கும்.

1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து இராஜாஜியின் தலைமையில் நடந்தே புறப்பட்ட உப்புச் சத்தியாக்கிரகத் தொண்டர்கள் 28ஆம் நாள் வேதாரண்யத்தை அடைந்து, 30ஆம் நாள் இந்த அகஸ்தியம்பள்ளியில்தான் உப்பை அள்ளினார்கள். அவ்விடத்தில் நினைவுத் தூண் நிற்கிறது. வழியில் அவர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் எச்சரித்திருந்தார். டெல்டா மக்களோ சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டு, அவை இருக்கும் இடத்தைத் தொண்டர்களுக்கு மட்டும் தெரியும்படி செய்தார்கள். வேதாரண்யத்தில் இந்தப் போராட்டத்தைத் தாங்கி நின்றவர் சர்தார் வேதரத்தினம் பிள்ளை. அவர் 1946இல் நிறுவிய கஸ்தூரிபாய் காந்தி கன்னியா குருகுலம் இன்றும் ஊரில் இயங்குகிறது. சவரம் செய்துகொண்டிருந்தபோது தம் முன் அமர்ந்திருப்பவர் காவலர் என்று அறிந்து பாதியிலேயே கத்தியை வைத்துவிட்ட சவரத் தொழிலாளி வைரப்பனையும் இந்த ஊர் மறக்கவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் வேதாரண்யேசுவரர் கோயிலுக்குள் இருங்கள். திருவாரூர் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு என்று நம் பக்கத்தில் வழங்கும் சொல்லின் பொருள் பகலில் விளங்காது. விளக்கின் திரியை அறியாமல் தூண்டிய எலி மறுபிறவியில் மாவலிச் சக்கரவர்த்தியாகப் பிறந்தது என்பது இத்தலத்துக் கதை. வேதங்கள் பூசித்து அடைத்துச் சென்ற திருக்கதவை அப்பர் பாடித் திறந்ததும், சம்பந்தர் பாடி மீண்டும் அடைத்ததும் இங்குதான் நிகழ்ந்ததாகப் பெரிய புராணம் கூறுகிறது. நடை சாத்துவதற்குள் வெளியே வந்து, விரைவில் உறங்கிவிடுவது மறுநாளுக்கு நல்லது.

மறுநாள், சரணாலயத்தின் சோதனைச் சாவடி திறக்கும் வேளையிலேயே அங்கு நிற்க வேண்டும். நுழைவு அனுமதியும் கட்டணமும் அங்கேயே. திறக்கும் நேரத்தையும் எந்தெந்தத் தடங்களில் வண்டி செல்லலாம் என்பதையும் முதல் நாள் மாலையே கேட்டு வைத்துக்கொண்டால் வீண் காத்திருப்பு இராது. குடிநீர், தொப்பி, மங்கிய நிற உடை, பைனாகுலர் ஆகியவற்றை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். உள்ளே கடையோ நிழற்குடையோ எதிர்பார்க்க வேண்டாம். வழிகாட்டி ஒருவரை அழைத்துக்கொள்ள வாய்த்தால் தயங்காதீர்கள். காட்டின் ஓரத்தில் பிறந்து வளர்ந்தவர் கண்ணுக்கு எட்டுவது நம் பைனாகுலருக்கும் எட்டாது.

1967இல் அறிவிக்கப்பட்ட இந்தச் சரணாலயம் முதன்மையாக வெளிமானுக்கானது. வெளிமான் அடர்ந்த காட்டை விரும்பாது, புல்வெளியிலேயே நிற்கும். எனவே மரக்கூட்டங்களுக்குள் தேடுவதை விட்டுவிட்டுத் திறந்த வெளியின் விளிம்பில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, இறங்காமல் காத்திருங்கள். வண்டியைப் பொறுத்துக்கொள்ளும் மான், இறங்கி நடக்கும் மனிதனைக் கண்டதும் விலகிவிடும். முதிர்ந்த கலைமானின், அதாவது ஆண் வெளிமானின், முதுகு கறுத்தும், வயிறும் கண்ணைச் சுற்றிய வளையமும் வெளுத்தும் இருக்கும். கொம்பு முறுக்கேறி மேல்நோக்கிச் செல்லும். பெண்மானுக்குக் கொம்பில்லை, நிறம் இளமஞ்சள் கலந்த பழுப்பு. கலைமான் ஒன்று புழுக்கைக் குவியலின் மேல் தலை நிமிர்த்தி அசையாமல் நிற்பதைக் கண்டால், அது தன் எல்லையைக் காத்து நிற்கிறது என்று கொள்க. பொறுமையாக இருந்தால், எதிர்த்து வரும் மற்றொன்றை அது விரட்டுவதையும் காணலாம். மந்தை மிரண்டு ஓடும்போது முதலில் ஒன்று நான்கு கால்களும் தரையை விட்டெழத் துள்ளும், பிறகு மற்றவையும் அவ்வாறே துள்ளிப் பாயும். ஆனால் அந்தத் துள்ளலைக் காண்பதற்காக மானை மிரட்டுவது கொடுமை. வெயில் காலத்தில், நீர் அரிதான இடத்தில், வீணாக ஓடவைக்கப்படும் ஒவ்வோர் ஓட்டமும் அதன் உடலை வாட்டுகிறது.

புல்வெளியில் காட்டுக் குதிரைகளும் மேயும். இவை என்றோ வளர்ப்பிலிருந்து விடுபட்டுப் பெருகியவை. புள்ளிமான், நரி, காட்டுப்பன்றி, முயல் ஆகியவையும் கண்ணில் படலாம். மரங்களில் உலக்கைப் பாலையை அடையாளம் கண்டுகொள்ளுங்கள். கடற்காற்றுக்கு வளைந்து கொடுத்துக் குட்டையாகவே வளரும் இந்த உலர் பசுமைமாறாக் காட்டின் தலைமகன் அதுவே. கோடையில் வேதாரண்யம் பக்கம் விற்கும் பாலைப்பழம் சிறிதாக, மஞ்சளாக, உதட்டில் பால் ஒட்டும் இனிப்போடு இருக்கும். காட்டின் நடுவே சீமைக்கருவேல் அடர்ந்திருப்பதையும் காண்பீர்கள். வெளிமானின் புல்வெளியை அது விழுங்கி வருவது இந்தச் சரணாலயத்தின் தீராத நோவு. வனத்துறை வெட்ட வெட்ட மீண்டும் தழைக்கிறது.

இராமர் பாதம் என்னும் மேடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4 மீட்டர் உயரமே. தட்டையான இந்த நிலத்தில் அதுவே குன்று. இராமன் இங்கு நின்று இலங்கையை நோக்கியதாக ஐதிகம். கல்லில் இரு பாதங்கள் உள்ளன. அங்கு நின்று சுற்றிப் பார்த்தால் காடும் புல்லும் சதுப்பும் அடுத்தடுத்து அமைந்திருக்கும் முறை ஒரே பார்வையில் புலனாகும்.

வெயில் ஏறுவதற்கு முன் சதுப்புக்கு வந்துவிடுங்கள். காட்டின் பக்கம் நின்று மேற்கு நோக்கிப் பார்த்தால் காலைச் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும், பறவைகளின் நிறம் தெளிவாகத் தெரியும். மாலையில் அதே இடத்தில் எல்லாமே கரிய நிழலுருக்கள்தாம். முனியப்பன் ஏரிப் பக்கம் பூநாரைகள் இறங்கியுள்ளனவா என்று சாவடியில் விசாரித்துச் செல்லலாம். பூநாரை மேய்வதைச் சற்று நேரம் உற்றுப் பாருங்கள். கால்களால் சேற்றைக் கிளறி, தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அலகை நீருக்குள் இழுத்தபடி சிற்றுயிர்களை வடிகட்டி உண்ணும் அந்த முறை வேறு எந்தப் பறவையிடமும் இவ்வளவு தெளிவாகக் காணக் கிடைக்காது. கரண்டிவாயன், மஞ்சள்மூக்கு நாரை, ஊசிவால் வாத்து, பலவகை உள்ளான்கள், ஆலாக்கள் ஆகியவையும் இங்கு வருவன. பறவையியல் அறிஞர் சாலிம் அலி ஈடுபாடு கொண்ட இடம் இது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல பத்தாண்டுகளாகப் பறவைகளின் கால்களில் இங்கு அடையாள வளையமிட்டு ஆய்ந்து வருகிறார்கள். 2002 ஆகஸ்டில் தமிழகத்தின் முதல் ராம்சர் தலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் கொண்ட ஈரநிலமாக, இந்தச் சதுப்பு அறிவிக்கப்பட்டது. சேற்றின் மேற்பரப்பு உலர்ந்தது போலத் தோன்றினாலும் முழங்கால் வரை இழுத்துக்கொள்ளும். ஆகவே, படம் எடுக்கும் ஆவலில் வரப்பை விட்டு இறங்கக் கூடாது.

வெயில் கடுமையான பிறகு ஊருக்குத் திரும்பி, கோடிக்குழகர் கோயிலுக்குச் செல்லலாம். கடற்காற்று வீசியடிக்கும் இந்தக் கரையில், குடிகள் யாரும் அருகில் இல்லாமல், துணையின்றித் தனியே இருக்கிறீரே என்று சுந்தரர் இறைவனை வினவிப் பாடிய பதிகம் இத்தலத்துக்கு உரியது. செல்வதற்கு முன் அதை ஒரு முறை படித்துவிட்டு வாருங்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு இந்த ஊர் இருந்த நிலையை அதைவிட நன்றாகச் சொல்லும் சான்று இல்லை. சோழர் காலத்தது என்று ஊரார் கூறும் பழைய கலங்கரை விளக்கம் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இடிந்துவிட்டது. செங்கல் சிதைவுகளே எஞ்சியுள்ளன, அவற்றின் மேல் ஏற வேண்டாம். அக்டோபர் முதல் மார்ச் வரை பிற ஊர் மீனவர்களும் இங்கு வந்து குடிசை போட்டுத் தங்கித் தொழில் செய்வதால், படகுத் துறை அந்நாட்களில் சுறுசுறுப்பாக இருக்கும். அவர்கள் வலை இறக்கும் வேளையில் குறுக்கே நிற்காமல் ஒதுங்கியிருந்து பார்ப்பது முறை. ஜனவரி முதல் கடலாமைகள் முட்டையிட ஏறும் கரை இது என்பதால், இரவில் கடற்கரையில் விளக்கடித்து நடமாடக் கூடாது.

ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் கொடியக்கரை ஆதிசேதுவாகப் போற்றப்பட்டுப் பெருந்திரளானோர் கடலாட வருவார்கள். நீராட விரும்புவோர் அன்று வரலாம். பறவையும் மானும் காண விரும்புவோர் அந்நாட்களையும், கூடுமானால் ஞாயிற்றுக்கிழமைகளையும் தவிர்க்க வேண்டும். சாவடி அருகே திரியும் குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுக்காதீர்கள், கொண்டுவந்த பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுத்துச் செல்லுங்கள். இன்னும் ஒரு நாள் கையில் இருப்பவர்கள், இதே சதுப்பு மேற்கே நீண்டு சென்று சேரும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையும் சேர்த்துத் திட்டமிடலாம். அங்கு ஜாம்பவானோடையிலிருந்து படகில்தான் செல்ல வேண்டும். அதற்கான அனுமதியை வனத்துறையிடம் முதல் நாளே பெற்றுக்கொண்டு, காற்று வலுக்கும் முன்பே காலையில் படகேறிவிடுங்கள்.