எடை குறைக்கும் ஊசியை நிறுத்தியாச்சா? இந்தத் தவறுகள் வேண்டாம்

மதுரை செல்லூரில் இருக்கும் என் பெரியப்பா செமாக்ளுடைட் ஊசியை நிறுத்தி மூன்று வாரம் ஆனதும், "பசியே எடுக்கல, உடம்பு பழகிருச்சுப்பா" என்றார். முதல் தவறு அங்கேதான். அந்த மருந்து உடம்பை விட்டு முழுசாக வெளியேற ஐந்து வாரம் வரை ஆகும். அடுத்த மாதமே, ரெண்டு பரோட்டாவோடு எழுந்தவர் நாலாவதுக்குச் சல்னா ஊற்றச் சொன்னார்.

இதற்காக யாரும் தங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம். 2022இல் வெளியான ஆய்வில், ஊசியை நிறுத்தியவர்களுக்கு ஓராண்டுக்குள் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. பசியை அடக்கி வைத்திருந்தது மருந்து. அது போனதும் பசி வரத்தான் செய்யும்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது, ஊசியோடு கொழுப்பு மாத்திரையையும் சேர்த்து நிறுத்துவதுதான். "ரிப்போர்ட் நார்மல்னு வந்துருச்சே!" என்பார்கள். சரி, நார்மலாக வைத்திருந்ததில் அந்த ஸ்டாடின் மாத்திரைக்கும் பங்கு உண்டு. விட்டால் சில வாரங்களிலேயே கெட்ட கொழுப்பு பழையபடி ஏறும். டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடாதீர்கள்.

அப்புறம், எண்ணெயை மட்டும் குறைப்பது. பெரியப்பா வடையை விட்டார், ஆனால் சாயங்காலம் ஜிகர்தண்டாவை விடவில்லை. ரத்தத்தில் இருக்கும் இன்னொரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடை ஏற்றுவதில் சர்க்கரை, மைதா, குவியலாகப் போடும் வெள்ளைச்சோறு, மது எல்லாவற்றுக்கும் பெரிய பங்கு உண்டு. ட்ரைகிளிசரைடு அளவு 150 mg/dL-க்குக் கீழே இருக்க வேண்டும். 500ஐத் தாண்டினால் கணையம் வீங்கும் ஆபத்து உண்டு. தட்டில் சோற்றைப் பாதியாக்கி, சுண்டல், முட்டை, மீன் குழம்பு என்று புரதத்தைக் கூட்டுங்கள். ஊசியால் இளைக்கும்போது கொழுப்போடு தசையும் கரைந்திருக்கும். அதனால் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்தால் மட்டும் போதாது, எடை தூக்கும் பயிற்சியும் வேண்டும்.

நிறுத்தி மூன்று மாதத்தில் ரத்தக் கொழுப்பைப் பரிசோதித்துவிடுங்கள். எடை ரெண்டு மூன்று கிலோ ஏறியதுமே டாக்டரிடம் போங்கள். பெரியப்பா வெட்கப்பட்டுத் தள்ளிப்போட்டார். ஒரு நாள் ஃப்ரிட்ஜில் முட்டைக்குப் பின்னால் மிச்சமிருந்த பேனா ஊசியை எடுத்து, பழைய அளவிலேயே போட்டுக்கொண்டார். ராத்திரி முழுக்க வாந்தி. இடைவெளி விட்டால் பெரும்பாலும் குறைந்த அளவிலிருந்துதான் மறுபடி தொடங்க வேண்டும், அதையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.