கால்சியம் அயனிக்கு மாதிரி எழுதுமுன் ஆரத்தைப் போட்டுப் பாருங்கள்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் எம்.எஸ்சி. பிள்ளைகளோடு உட்கார்ந்தால் அடிக்கடி வரும் கேள்வி: பலவீனமான காந்தப்புலம் செல்லுக்குள் கால்சியம் அயனியைத் திருப்புமா? உடனே லேப்டாப்பைத் திறப்பார்கள். நான் முதலில் பேப்பரைத்தான் கொடுப்பேன்.

முதலில் பூமியின் காந்தப்புலத்தை அளந்துகொள்ளுங்கள். போனில் காந்தமானி செயலியைப் போட்டு முற்றத்தின் நடுவில் வைத்தால் இங்கே சுமார் 40 மைக்ரோடெஸ்லா காட்டும். இரும்புக் கட்டில் பக்கம் போனால் எண் குதிக்கும். காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடியை ஒட்டிப் போவதால் நம் பக்கம் புலம் ஏறக்குறையத் தரைக்கு இணையாகப் படுத்தே கிடக்கிறது. பழக்கத்தில் செங்குத்து அச்சில் எழுதிவிடாதீர்கள்.

அப்புறம் அதிர்வெண், அதாவது தடையில்லாவிட்டால் அயனி புலத்தைச் சுற்றி விநாடிக்கு எத்தனை வட்டம் போடும் என்பது. மின்னூட்டத்தைப் புலத்தால் பெருக்கி, நிறையாலும் 2π-யாலும் வகுங்கள். கால்சியத்துக்குச் சுமார் 30.6 ஹெர்ட்ஸ், பொட்டாசியத்துக்கு 15.7. 1980களில் இயற்பியலாளர் ஆப்ரகாம் லிபாஃப் முன்வைத்த சுழற்சி ஒத்ததிர்வு, அதாவது இந்த அதிர்வெண்ணில் மாறும் புலம் செல்லின் அயனிகளைப் பாதிக்கும் என்ற கருத்து, இந்த எண்களை நம்பியதுதான்.

இங்கே நிறுத்தாமல் ஆரத்தையும் போடுங்கள். உடல் வெப்பத்தில் கால்சியம் அயனியின் வேகம் விநாடிக்கு 440 மீட்டர் அளவு. வட்டத்தின் ஆரம் இரண்டேகால் மீட்டர் வருகிறது! செல்லோ 10, 20 மைக்ரோமீட்டர்தான்.

உராய்வு அதைவிட முக்கியம். நீரில் கால்சியம் எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதைச் சொல்லும் விரவல் கெழு 0.79×10⁻⁹ சதுரமீட்டர்/விநாடி. அதிலிருந்து கணக்கிட்டால், அயனி தன் வேகத்தை மறக்க ஆகும் நேரம் சுமார் 10⁻¹⁴ விநாடி. அதைக் கோண அதிர்வெண்ணால் (30.6 × 2π) பெருக்கினால் லட்சம் கோடியில் இரண்டு பங்கு. புலம் அயனியைத் திருப்பும் அளவு அவ்வளவுதான்.

இப்போது பைத்தான். காந்தப்புலத்தில் துகளின் பாதையைப் படிப்படியாகக் கணக்கிடும் போரிஸ் முறையில், உராய்வில்லாமல் ஓடவிட்டு 30.6 வருகிறதா என்று சரிபாருங்கள். பிறகு நீரில் துகளின் தடுமாற்றத்தை விவரிக்கும் லாங்கெவின் சமன்பாட்டின் உராய்வையும் வெப்ப இரைச்சலையும் சேருங்கள். ஒரு மாணவி உராய்வை விட்டுவிட்டு, 30 ஹெர்ட்ஸில் கிடைத்த கூரான உச்சியை ஒரு வாரம் கொண்டாடினாள். உராய்வு வந்ததும் உச்சி காணவில்லை. அவள் கண் கலங்கியது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஒரு சுற்று முழுவதையும் அப்படியே ஓட்ட முயலாதீர்கள். படி 10⁻¹⁴ விநாடியைவிடச் சிறியதாக இருக்க வேண்டும் என்பதால், 33 மில்லிவிநாடிக்கு லட்சக்கணக்கான கோடிப் படிகள் வேண்டும். நிலைமத்தை விட்டுவிட்டு, மேலே வந்த லட்சம் கோடியில் இரண்டு என்ற விகிதத்தை விரவல் அணியின் (matrix) மூலைவிட்டத்துக்கு வெளியே உள்ள குறுக்கு உறுப்பில் வையுங்கள். அயனி புரதத்தில் கட்டுண்டிருப்பதாகக் கொண்டால் சமன்பாடு வேறு. ஜோடி சேராத எலக்ட்ரான்களின் தற்சுழற்சியைப் பார்க்கும் இணை இயங்குறுப்பு (radical pair) மாதிரிக்கு லாங்கெவின் உதவாது, குவாண்டம் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும்.