மலையும் பீடபூமியும் காலநிலையும்: விளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலை மழையை மறிக்கும், உயரம் கூடினால் குளிர் கூடும். இந்த இரண்டு வரிகளோடு பலர் விஷயத்தை முடித்துவிடுகிறார்கள். இரண்டும் பாதி உண்மைதான். வரைபடத்தில் மலையைத் தேடுவதற்கு முன், எந்த மாதத்தில் காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். அதை விட்டுவிடுவதால்தான் பெரும்பாலான பிழைகள் வருகின்றன.

மலை காற்றை மறிப்பதால் மழை குறையும் மறுபக்கத்தை மழைமறைவுப் பகுதி என்கிறோம். அது எப்போதும் மழைமறைவுதான் என்று நினைப்பது அந்தப் பிழைகளில் ஒன்று. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை, மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கேயுள்ள தமிழகச் சமவெளி மழைமறைவில் இருக்கிறது. அக்டோபரில் காற்று வடகிழக்கிலிருந்து வரத் தொடங்கியதும் அதே சமவெளியும் மலையின் கிழக்குச் சரிவும் நனைகின்றன. இலங்கையிலும் அப்படித்தான். மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழை கொட்டும் மாதங்களில் மட்டக்களப்பில் வறண்ட கச்சான் காற்று வீசும். டிசம்பரில் மழை கிழக்குப் பக்கம் வந்துவிடும். ஆண்டு மொத்த மழையளவை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது. மாதவாரி மழையையும் மாதவாரி காற்றுத் திசையையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

ஆயிரம் மீட்டருக்கு 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்ற கணக்கை எல்லா இடத்திலும் போடுவதுதான் மிகப் பரவலான தவறு. அது வளிமண்டலத்துக்கான சராசரி. மலையேறும் காற்றுக்குக் கணக்கு வேறு. மேகம் கட்டும் வரை அது ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 10 டிகிரி குளிரும். மேகம் கட்டத் தொடங்கியதும், நீராவி நீர்த்துளியாகும்போது அதன் உள்ளுறை வெப்பம் வெளிப்படுவதால், குளிரும் வீதம் 5 அல்லது 6 டிகிரியாகக் குறையும்.

போட்டுப் பார்ப்போம். கடல்மட்டத்தில் 25 டிகிரியில் உள்ள காற்று 2,500 மீட்டர் மலையைத் தாண்டுகிறது. 1,000 மீட்டரில் மேகம் கட்டுகிறது. அங்கே 15 டிகிரி. மீதி 1,500 மீட்டருக்கு 6 வீதம் 9 டிகிரி குறைந்து, உச்சியில் 6 டிகிரி. ஈரத்தை மழையாக இறக்கிவிட்டு மறுபக்கம் இறங்கும்போது அழுத்தம் கூடுவதால் ஆயிரம் மீட்டருக்கு 10 டிகிரி வீதம் சூடேறி, அடிவாரத்தில் 31 டிகிரி. மறுபக்கம் மழை குறைவது மட்டுமல்ல, வெப்பமும் 6 டிகிரி கூடிவிட்டது. வட அமெரிக்காவின் ராக்கி மலைக்குக் கிழக்கே வீசும் சினூக் காற்றும் இந்த வகைதான். 1943 ஜனவரி 22 அன்று தெற்கு டகோட்டாவின் ஸ்பியர்ஃபிஷ் நகரில் இரண்டே நிமிடங்களில் வெப்பநிலை −20 டிகிரியிலிருந்து 7 டிகிரிக்கு ஏறியது. ஆனால் மழை பெய்தால்தான் மறுபக்கம் சூடாகும் என்றும் எழுதிவிடக் கூடாது. கீழ்க்காற்று மலையில் முட்டி நின்றுவிட, உச்சி மட்டத்துக் காற்று மட்டும் தாண்டி இறங்கினாலும் அது சூடாகத்தான் வந்து சேரும்.

பள்ளத்தாக்கில் 6.5 கணக்கு தலைகீழாகவே ஆகும். தெளிந்த, காற்றடங்கிய இரவில் சரிவில் குளிர்ந்த காற்று கனத்து இறங்கித் தாழ்வில் தேங்கும். மேலே குளிர் குறைவாகவும் கீழே அதிகமாகவும் இருக்கும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள பீட்டர் சிங்க்ஸ் என்ற மலைப்பள்ளத்தில் 1985 பிப்ரவரி 1 அன்று −56.3 டிகிரி பதிவானது இப்படித்தான்.

உயரம் கூடக் கூட மழையும் கூடிக்கொண்டே போகும் என்பதும் தவறு. ஹவாயின் மோனா கியா 4,207 மீட்டர் உயரம். அதன் காற்றுமுகச் சரிவின் கீழ்ப்பகுதி உலகின் ஈரமான இடங்களுள் ஒன்று. உச்சியோ வறண்டு கிடக்கிறது. ஏறத்தாழ 2,000 மீட்டரில் ஒரு வெப்பமான அடுக்கு மூடியிருப்பதால் ஈரக்காற்று அதற்கு மேல் ஏறுவது அரிது. மேகாலயாவில் சிரபுஞ்சியைவிட ஷில்லாங் சற்று உயரம். ஆனால் முகட்டுக்கு மறுபக்கம் இருப்பதால் சிரபுஞ்சியின் மழையில் கால்பங்குகூட அதற்குக் கிடைப்பதில்லை.

மலையில் மோதும் காற்று கட்டாயம் மேலேறும் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். காற்றின் வேகத்தை, வளிமண்டல நிலைத்தன்மை எண்ணையும் (மேலே தள்ளப்படும் காற்று எவ்வளவு வலுவாகப் பழைய மட்டத்துக்கே இழுக்கப்படும் என்பதன் அளவு) மலையின் உயரத்தையும் பெருக்கி வந்த தொகையால் வகுத்தால் ஓரளவு விடை கிடைக்கும். வேகம் விநாடிக்கு 10 மீட்டர், நிலைத்தன்மை விநாடிக்கு 0.01 என்று கொண்டால், 500 மீட்டர் குன்றுக்கு 2 வரும், காற்று தாண்டிவிடும். 2,000 மீட்டர் மலைக்கு 0.5தான். 1-க்குக் கீழே போனால் காற்றின் பெரும்பகுதி முட்டி நிற்கும், அல்லது மலையைச் சுற்றியும் கணவாய் வழியாகவும் ஒதுங்கிப் போகும்.

பீடபூமியைத் தட்டையான மலையாக மட்டும் பார்ப்பதால் பெரிய குழப்பம் வருகிறது. தனிச்சிகரத்தைச் சுற்றி எப்போதும் குளிர்ந்த காற்று ஓடிக்கொண்டிருக்கும். பீடபூமியின் நிலப்பரப்போ வெயிலை வாங்கித் தன்மேல் உள்ள காற்றை அந்த உயரத்திலேயே சூடாக்குகிறது. திபெத் பீடபூமியில் உள்ள லாசா சுமார் 3,650 மீட்டரில் இருக்கிறது. கடல்மட்டத்தில் 30 டிகிரி என்று கொண்டு 6.5 கணக்கில் கழித்தால் 6 டிகிரிதான் வரும். ஆனால் அங்கே ஜூன் மாதப் பகல்கள் 20 டிகிரியைத் தாண்டும்.

அதற்காக, திபெத்தின் சூடுதான் இந்தியப் பருவமழையை இழுக்கிறது என்று ஒரே காரணத்தில் முடித்துவிடவும் முடியாது. வில்லியம் பூஸ், ஜிமிங் குவாங் இருவரும் 2010-இல் வெளியிட்ட கணினி மாதிரி ஆய்வில், பீடபூமியை நீக்கிவிட்டு இமயமலையை மட்டும் ஒடுங்கிய சுவராக விட்டபோதும் பருவமழை வலுவாகவே நின்றது. வடக்கிலிருந்து குளிர்ந்த வறண்ட காற்று வந்து கலக்காமல் அந்தச் சுவர் காக்கிறது என்பது அவர்கள் விளக்கம். மலைச் சரிவுகள் சூடாவதற்கும் பெரும் பங்குண்டு என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. சுவர், சூடு என இரண்டையும் எழுதுவதுதான் நேர்மை.

தரவில் நேரும் பிழை கடைசி. உலகைக் கட்டங்களாகப் பிரித்துக் கடந்தகால வானிலையைத் தரும், பலரும் எடுத்தாளும் ஈஆர்ஏ5 (ERA5) தரவில் ஒரு கட்டத்தின் அகலம் ஏறத்தாழ 31 கிலோமீட்டர். அதற்குள் சிகரமும் பள்ளத்தாக்கும் சராசரியாகிவிடுவதால், கட்டத்தின் உயரத்துக்கும் உங்கள் இடத்தின் உயரத்துக்கும் நூற்றுக்கணக்கான மீட்டர் வித்தியாசம் வரலாம். முதலில் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு அந்த மாதத்துக்கு உரிய வெப்பக் குறைவு வீதத்தால் வெப்பநிலையைத் திருத்துங்கள். மழையை அப்படித் திருத்த முடியாது. உயரத்தில் உள்ள மழை, பனி மானிகளின் பனிப்பொழிவு அளவையும் அப்படியே நம்ப வேண்டாம். பலத்த காற்றில் மறைப்பில்லாத மானிக்குள் விழ வேண்டிய பனியில் பாதிகூடச் சேராமல் போகலாம்.