‘ரெமுனரேஷன்’ என்ற சொல்லைப் பிழையின்றிப் பயன்படுத்துவது எப்படி?

செய்த வேலைக்கு ஈடாகத் தரப்படும் ஊதியம் அனைத்தையும் குறிக்கும் ஆங்கிலச் சொல் ‘ரெமுனரேஷன்’. மாதந்தோறும் வரும் நிலையான தொகையை ‘சாலரி’ என்றும், நாள் அல்லது மணிக் கணக்கில் பெறும் கூலியை ‘வேஜ்’ என்றும் சொல்வது வழக்கம். இவற்றோடு படிகள், ஊக்கத்தொகை, கமிஷன் ஆகியவற்றையும் சேர்த்து மொத்தமாகச் சொல்ல வேண்டிய இடத்தில்தான் ‘ரெமுனரேஷன்’ சரியாகப் பொருந்தும். ஒப்பந்தம், நியமனக் கடிதம், நிறுவன அறிக்கை ஆகியவற்றில் தயங்காமல் எழுதலாம். நண்பரிடம் பேசும்போது ‘பே’ என்பதே போதும், அங்கே இந்தச் சொல் சற்று மிடுக்காக ஒலிக்கும்.

பலரும் தடுமாறுவது எழுத்துக்கூட்டலில்தான். எண்ணைக் குறிக்கும் ‘நியூமரல்’ மனத்தில் நிற்பதால், ‘எம்’, ‘என்’ இரண்டையும் இடம் மாற்றி ‘ரெனுமரேஷன்’ என எழுதிவிடுகிறார்கள். இதன் வேரான ‘முனுஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்குக் கொடை என்று பொருள். எண்ணோடு அதற்கு உறவே இல்லை. ‘ஆர்’, ‘ஈ’ இரண்டையும் அடுத்து ‘எம்’ வர வேண்டும் என்பதை நினைவில் வைத்தால் பிழை நேராது.

‘ரெமுனரேட்’ என்ற வினை பெரும்பாலும் ஆளையே செயப்படுபொருளாகக் கொள்ளும். எந்த வேலைக்காக என்பதை ‘ஃபார்’ சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘ரெமுனரேட்டிவ்’ என்ற உரிச்சொல் நல்ல வருவாய் தரும் தொழிலைக் குறிக்குமே தவிர, சம்பளம் வாங்குபவரைக் குறிக்காது.